போனை வைத்துச் செயற்கைக்கோள் செய்யலாமா? செலவு எங்கே, சொதப்பல் எங்கே

கேள்வி இதுதான்: “நாசா 3,500 டாலருக்கு ஸ்மார்ட்போனை வைத்துச் செயற்கைக்கோள் செய்ததாகப் படித்தோம். ஒரு கல்லூரிக் குழு பழைய ஆண்ட்ராய்டு போனை 1யூ க்யூப்சாட்டுக்குள் வைத்து அனுப்ப முடியுமா? என்ன பாகங்கள் வேண்டும், எங்கே உதைக்கும்?”

முடியும். (1யூ க்யூப்சாட் என்றால் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரச் செயற்கைக்கோள்.) ஆனால் அந்த 3,500 டாலர் உதிரிபாகங்களின் விலை மட்டுமே. உழைத்தவர்களின் சம்பளம், அதிர்வு சோதனை, வெற்றிட அறை வாடகை, ராக்கெட்டில் இடம் எதுவும் அதில் சேராது. இன்னொன்று: போன் விண்வெளியில் வேலை செய்யுமா என்ற கேள்விக்கு 2013-லேயே பதில் வந்துவிட்டது. செய்யும். உங்கள் தலைவலி வேறு. 500 கிலோமீட்டர் உயரத்தில் போன் ஹேங் ஆனால் பவர் பட்டனை யார் அழுத்துவது? கீழே வரும் விஷயங்களில் பாதி அந்தப் பட்டனைச் சுற்றித்தான்.

முதலில் நாசா என்ன செய்தது. கலிபோர்னியாவில் உள்ள ஏம்ஸ் ஆய்வு மையத்தின் போன்சாட் திட்டம் அது. 2010-ல் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் இரண்டு நெக்ஸஸ் ஒன் போன்களை அமெச்சூர் ராக்கெட்டுகளில் வைத்து ஏவிப் பார்த்தார்கள். ஒன்றில் பாராசூட் சரியாக விரியாமல் தரையில் மோதியது. மற்றது முழுதாக இறங்கியது. பிறகு 2013 ஏப்ரல் 21 அன்று வர்ஜீனியாவின் வாலப்ஸ் தளத்திலிருந்து கிளம்பிய முதல் அன்டாரெஸ் ராக்கெட்டில் மூன்று செயற்கைக்கோள்கள் போயின. பெயர்கள் அலெக்சாண்டர், கிரகாம், பெல். கிரகாமும் பெல்லும் நெக்ஸஸ் ஒன் போனை வைத்துச் செய்த முதல் வகை. அலெக்சாண்டர் நெக்ஸஸ் எஸ் போனை வைத்துச் செய்த இரண்டாம் வகையின் முன்னோட்டம். மூன்றும் 437.425 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அமெச்சூர் அலைவரிசையில், ஒன்றோடொன்று மோதாதபடி வெவ்வேறு இடைவெளியில் தகவல் அனுப்பின. உலகம் முழுக்க இருந்த ஹாம் (அமெச்சூர்) ரேடியோக்காரர்கள் பிடித்து அனுப்பிய துண்டுகளை ஒட்டித்தான் படங்கள் முழுமையாயின. ஒரு வாரத்துக்குள் மூன்றும் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தன.

அந்த ஒரு வாரத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவை சுற்றியது வெறும் 250 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே கதிர்வீச்சு குறைவு, ஆயுளும் குறைவு. கிரகாமிலும் பெல்லிலும் சோலார் தகடே கிடையாது. 12 லித்தியம் அயன் செல்களின் சார்ஜ் தீரும்வரைதான் உயிர். 18650 எனப்படும் அந்த உருளைச் செல் ஒன்றுக்கு 10 வாட்-மணி என்று வைத்தால் மொத்தம் 120 வாட்-மணி. சராசரிச் செலவு அரை வாட் என்றால் 10 நாள் ஓடும். எடையைப் பார்த்தால் அந்தச் செல்களே அரைக் கிலோவைத் தாண்டும். அப்போதைய 1யூ வரம்பு 1.33 கிலோ. ஆறு நாள் ஓடியதை வைத்து “சாதாரணப் போன் இரண்டு வருடம் தாங்கும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே வருடம் பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20 ராக்கெட்டில் போன ஸ்ட்ராண்ட்-1 இன்னொரு வழியைக் காட்டியது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகமும் சர்ரே சாட்டிலைட் டெக்னாலஜி நிறுவனமும் சேர்ந்து செய்த 3யூ, அதாவது மூன்று 1யூ அளவுள்ள, செயற்கைக்கோள். அதிலும் நெக்ஸஸ் ஒன் போன்தான். ஆனால் ஆரம்பத்தில் வண்டியை ஓட்டுவது தனி லினக்ஸ் கணினி. போன் பின்சீட்டில் உட்கார்ந்து ஆப்களை ஓட்டும். எல்லாம் சரியாக இருந்தால் பிறகு பொறுப்பைப் போனிடம் கொடுப்பது என்று திட்டம். (அதோடு தொடர்பு ஒரு மாதத்திலேயே விட்டுப்போனது வேறு கதை.)

முதல் முறையாகச் செய்கிறீர்கள் என்றால் போனை விருந்தாளியாகவே வையுங்கள். வீட்டுக்காரர் ஒரு எளிய மைக்ரோகன்ட்ரோலராக (ஒரே சிப்பில் அடங்கும் சின்னக் கணினி) இருக்கட்டும். ரேடியோ, பேட்டரி, ஆன்டெனா விரிப்பு மூன்றும் அதன் கையில் இருக்க வேண்டும். போன் செத்தே போனாலும் பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை, “நான் உயிரோடு இருக்கிறேன்” என்ற தகவல் இவை நிமிடத்துக்கு ஒருமுறை தரைக்கு வந்துகொண்டிருக்கும். போன் வழியாகத்தான் ரேடியோ பேசும் என்று வடிவமைத்துவிட்டு, மேலே போனபின் ஒரு சத்தமும் வராவிட்டால் பழுது ஆன்டெனாவிலா பேட்டரியிலா போனிலா என்று கடைசிவரை தெரியாது.

இனி போனைத் திறப்போம். திரை, கண்ணாடி, பின்மூடி, ஸ்பீக்கர், அதிர்வு மோட்டார் எல்லாம் வெளியே. திரையில் இருக்கும் பசையும் பிளாஸ்டிக்கும் வெற்றிடத்தில் ஆவி விடும். அந்த ஆவி போய்ப் படிவது பெரும்பாலும் கேமரா லென்சில். போனின் மெல்லிய பை பேட்டரியும் வேண்டாம், வெற்றிடத்தில் உப்பும். உலோக உறையுள்ள 18650 செல்தான் பாதுகாப்பு.

பேட்டரியைக் கழற்றியதும் முதல் சிக்கல். டெர்மினலில் வெறும் 4 வோல்ட் கொடுத்தால் பல போன்கள் பூட் ஆகாது. பேட்டரியின் நடு பின்களில் வெப்ப உணரியும் அடையாள ரெசிஸ்டரும் இருக்கும். அவை கிடைக்காவிட்டால் போன் “பேட்டரி இல்லை” என்று நின்றுவிடும். இதற்கு எளிய வழி, பழைய பேட்டரியின் தலையில் டேப்புக்குள் ஒளிந்திருக்கும் சின்னச் சர்க்யூட் போர்டைக் கத்தரித்து எடுத்து, செல் பட்டிகள் இருந்த இடத்தில் உங்கள் சப்ளையைச் சால்டர் செய்வதுதான். போன் தன் சொந்த பேட்டரிதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். வோல்டேஜை 3.9 முதல் 4.0-க்குள் நிலையாக வையுங்கள். குறைந்தால் சார்ஜ் தீர்ந்தது என்று ஆண்ட்ராய்டு தானாகவே அணைந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் கரண்ட். பூட் ஆகும்போது சில மில்லிவினாடிகளுக்கு 2 ஆம்பியர் வரை இழுக்கும் போன்கள் உண்டு. மெல்லிய வயரும் கனெக்டரும் சேர்ந்து 0.1 ஓம் என்றாலே 0.2 வோல்ட் போய்விட்டது. குளிர்ந்த செல்லின் உள்தடை அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. விளைவு: போன் எழும், கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் விழும், அணையும், மறுபடி எழும். மேசையில் 28 டிகிரியில் ஒருநாளும் வராத இந்தப் பூட் சுழல், நிழல் பக்கத்தில் 0 டிகிரிக்குப் போனதும் வரும். வந்தால் பேட்டரியைக் காலி செய்யாமல் ஓயாது. ஆகவே இரண்டு செல்களைத் தொடராகப் போட்டு, 3 ஆம்பியர் தாங்கும் பக் கன்வர்ட்டரால் 4.0 வோல்ட்டாக இறக்கிக் கொடுங்கள். போன் முனையிலேயே 1,000 முதல் 2,200 மைக்ரோஃபாரட் பாலிமர் கெப்பாசிட்டர் வையுங்கள். ஈரமான எலக்ட்ரோலைட்டிக் வகையைத் தொடவே வேண்டாம். செல் 5 டிகிரிக்குக் கீழே இருந்தாலோ வோல்டேஜ் போதாமல் இருந்தாலோ போனை எழுப்பாதே என்று மைக்ரோகன்ட்ரோலரில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது அந்தப் பட்டன். மின்சாரம் வந்தவுடன் தானாக எழும் போன் அரிது. பவர் பட்டனின் இரண்டு காலிலும் ஒரு சிறிய டிரான்சிஸ்டரையோ ஆப்டோகப்ளரையோ இணைத்து, மைக்ரோகன்ட்ரோலர் 3 வினாடி அழுத்துவதுபோலச் செய்ய வேண்டும். யூஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுத்தால் சில போன்கள் சார்ஜ் ஏறும் படத்தைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். திரையைக் கழற்றிவிட்டீர்கள் என்பதால் அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பேட்டரி முனையில் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி வாட்ச்டாக், அதாவது போன் நின்றுபோனால் கண்டுபிடித்து மறுபடி எழுப்பும் காவல். போன் 30 வினாடிக்கு ஒருமுறை சீரியல் இணைப்பு வழியாக மைக்ரோகன்ட்ரோலருக்கு “ஓடுகிறேன்” என்ற துடிப்பு அனுப்பட்டும். 5 நிமிடம் வராவிட்டால் மின்சாரத்தை வெட்டி, கெப்பாசிட்டர் முழுக்க வடிய 60 வினாடி விட்டு, மறுபடி கொடுத்துப் பட்டனை அழுத்த வேண்டும். போன்சாட்டிலும் ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டுதான் போனைக் கண்காணித்து ரீபூட் செய்தது. இதில் குழுக்கள் அடிக்கடி செய்யும் தப்பு, துடிப்பை ஆண்ட்ராய்டின் பின்னணிச் சேவையிலிருந்து அனுப்புவது. வேலை செய்யும் ஆப் செத்துக் கிடக்கும், துடிப்பு மட்டும் ஜோராக வந்துகொண்டிருக்கும். கடைசியாக உணரியைப் படித்த எண்ணிக்கை துடிப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். எண் ஏறாவிட்டால் செத்ததாகவே கணக்கு. ஐந்து முறை எழுப்பியும் எழாவிட்டால் ஆறு மணி நேரம் போனை மறந்துவிட்டு பீக்கனை (நிமிடத்துக்கு ஒருமுறை போகும் அந்த “உயிரோடு இருக்கிறேன்” தகவலை) மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். மைக்ரோகன்ட்ரோலருக்கே ஒரு வெளி டைமர் காவல் வேண்டும்.

திடீரென மின்சாரத்தை வெட்டினால் ஃபிளாஷ் நினைவகம் கெடுமே என்று கேட்பீர்கள். கெடும். அதனால் சிஸ்டம் பகுதியைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, எழுதுவதை நினைவகத்தின் ஒரு தனிப் பிரிவுக்குள் அடக்குங்கள். முக்கியமான கோப்புகளை மூன்று நகலாக, செக்சம் (கோப்பு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போட்டு வையுங்கள். கடையில் வாங்கிய ஆண்ட்ராய்டை அப்படியே ஓட்ட வேண்டாம்: அப்டேட் கேட்கும், சிம் இல்லை என்று புலம்பும், பின்னணி ஆப்களைத் தூங்கவைக்கும். பூட்லோடர் (போனை எழுப்பும் முதல் மென்பொருள்) திறக்கக்கூடிய போனாகப் பார்த்து வாங்கி, தேவையில்லாததை உரித்த ஓர் ஆண்ட்ராய்டு பதிப்பை ஏற்றுங்கள். செல்லுலர், வைஃபை, புளூடூத் எல்லாம் நிரந்தரமாக அணைந்திருக்க வேண்டும். போன் ரேடியோவால் மேலிருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

“போனில் எல்லா உணரியும் இருக்கிறதே” என்ற சந்தோஷத்தில் பாதி அங்கே செல்லாது. ஜிபிஎஸ் சிப்பில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வழக்கப்படி 18 கிலோமீட்டர் உயரம், வினாடிக்கு 515 மீட்டர் வேகம் என்ற பூட்டு இருக்கும். நீங்கள் போவது வினாடிக்கு 7.6 கிலோமீட்டர். முடுக்கமானி சுற்றுப்பாதையில் சுழியம்தான் காட்டும், கீழ் எது என்று அதற்குத் தெரியாது. இதன் விளைவு கொஞ்சம் நுணுக்கமானது: ஆண்ட்ராய்டு தரும் “திசை” மதிப்புகள் ஈர்ப்பு விசையை நம்பிக் கணக்கிடப்படுபவை. தரையில் அழகாக இருக்கும், மேலே போனதும் உளறும். அளவுதிருத்தம் செய்யப்படாத கைரோ (சுழற்சியை அளக்கும் உணரி), காந்தமானி மதிப்புகளை மட்டும் எடுத்து நீங்களே கணக்குப் போடுங்கள். சுழற்சியைக் குறைக்க காந்தச் சுருள் வைத்தால், சுருள் ஓடும் நேரமும் காந்தமானி படிக்கும் நேரமும் மாறிமாறி வர வேண்டும். சுருளுக்குப் பதில் நிலைக்காந்தம் வைத்தால் மின்சாரம் மிச்சம், ஆனால் போன் காந்தமானி அதற்குப் பிறகு வெறும் அலங்காரம்.

சோலார் கணக்கு. 10 சென்டிமீட்டர் முகம் ஒன்றில் 30 சதுர சென்டிமீட்டர் செல் இரண்டு ஒட்டலாம். 28 சதவீதத் திறனுள்ள மூன்றடுக்குச் செல் என்றால் நேர் வெயிலில் 2.3 வாட். உருண்டுகொண்டே போகும் கனசதுரத்தில் சராசரியாக ஒன்றரை முகம் வெயிலைப் பார்க்கும்: 3.4 வாட். 95 நிமிடச் சுற்றில் சுமார் 35 நிமிடம் நிழல். அதைக் கழித்தால் 2.1. வெப்பம், கன்வர்ட்டர் இழப்பு போக 1.7 வாட் என்று வையுங்கள். கேமராவுக்கும் ஆன்டெனாவுக்கும் இடம் விட்டால் இன்னும் குறையும். செலவுப் பக்கம்: மைக்ரோகன்ட்ரோலரும் ரிசீவரும் 0.25 வாட், நிமிடத்துக்கு 2 வினாடி பீக்கன் 0.1, போன் ஒரு சுற்றுக்கு 20 நிமிடம் ஒன்றரை வாட்டில் ஓடினால் சராசரி 0.32. மொத்தம் 0.67 வாட். தாராளம். இந்தச் சோலார் செல்கள்தான் உங்கள் பட்டியலிலேயே விலை கூடிய பொருளாக இருக்கும், போன் அல்ல.

ரேடியோவில் ஆசைப்படாதீர்கள். வினாடிக்கு 1,200 பிட் வேகத்தில் ஹாம்காரர்களின் ஏஎக்ஸ்.25 முறையில் பாக்கெட் அனுப்பினால் உலகில் எந்த ஹாம் நிலையமும் பிடிக்கும். 640-க்கு 480 படத்தை நன்றாகச் சுருக்கினால் 20 கிலோபைட். 200 பைட் துண்டுகளாக 100 பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்கு முன்குறி சேர்த்து 2 வினாடி என்றால் 200 வினாடி. தலைக்கு மேல் கடக்கும் 8 முதல் 10 நிமிடத்துக்குள் அடங்கும். ஆனால் சாதாரண ஜேபெக்கில் நடுவில் ஒரு துண்டு விழுந்தால் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் குப்பை. உயரப் பலூன் விடும் ஹாம்காரர்கள் பயன்படுத்தும் எஸ்எஸ்டிவி (SSDV) முறையில் ஒவ்வொரு பாக்கெட்டும் தனியாகப் படத்தில் தன் இடத்தைச் சொல்லும். விட்டுப்போன இடம் மட்டும் கறுப்பாக நிற்கும். செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை நகரும் டாப்ளர் மாற்றம் 437 மெகாஹெர்ட்ஸில் இரண்டு பக்கமும் 10 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், தரை ரிசீவர் அதற்கேற்பத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆன்டெனாவுக்குத் தச்சரின் இரும்பு அளவு நாடா போதும், போன்சாட்டிலும் அதுதான். கால் அலைநீளம் 17.1 சென்டிமீட்டர், 17.5-க்கு வெட்டி, ஆன்டெனா அளவியில் பார்த்துக்கொண்டே கத்தரித்தால் பதினாறரை பக்கம் வந்து நிற்கும். மஞ்சள் பெயின்டைச் சுரண்டி, அமில ஃப்ளக்ஸ் போட்டுச் சால்டர் செய்து, அமிலத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள். மடித்த நாடாவைத் தூண்டில் நைலான் நூலால் கட்டி, நூலின்மேல், சூடாகி நூலை அறுக்கும் எரிப்பு ரெசிஸ்டர் இரண்டை, ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக, வைக்க வேண்டும். நூல் அறுவதை வெற்றிடத்தில், மைனஸ் 20 டிகிரியில் சோதியுங்கள். க்யூப்சாட் விதிப்படி வெளியே தள்ளப்பட்டபின் 30 நிமிடம் எதையும் விரிக்கக் கூடாது, 45 நிமிடம் எதையும் ஒலிபரப்பக் கூடாது. இந்த நேரத்தை மைக்ரோகன்ட்ரோலர் நடுவில் ரீசெட் ஆனாலும் மறக்காதபடி எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் 45 நிமிட மௌனம்.

கதிர்வீச்சைப் பற்றி எல்லோரும் பயப்படுவது மொத்த அளவைக் கண்டு. 500 கிலோமீட்டரில், சில மில்லிமீட்டர் அலுமினியத்துக்குப் பின்னால் சில மாதங்களுக்கு அது பெரிய எதிரி அல்ல. ஒற்றைத் துகள் சிப்புக்குள் மின்பாதை ஒன்றைத் திறந்து கரண்ட் எகிறும் லாட்ச்-அப்தான் கொல்லும். போன் பாதையில் 2.5 ஆம்பியரை 10 மில்லிவினாடிக்கு மேல் கண்டால் வெட்டும் சுவிட்ச் ஒன்று, சில நூறு ரூபாய்ப் பொருள், கட்டாயம் வேண்டும். கதிர்வீச்சு அதிகமான தென் அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும்போது போனை அணைத்து வைப்பது இன்னும் மலிவு. செவ்வாயில் 2021 முதல் 2024 வரை 72 முறை பறந்த நாசாவின் சின்ன ஹெலிகாப்டர் இன்ஜெனுவிட்டியின் மூளையும் ஸ்னாப்டிராகன் 801 என்ற போன் சிப்தான். அதை அவர்கள் தனியே விடவில்லை. பக்கத்தில் இரட்டை மைக்ரோகன்ட்ரோலரும், கதிர்வீச்சைத் தாங்கும் எஃப்பிஜிஏ (தேவைக்கேற்ப உள்சுற்றை அமைக்கக்கூடிய சிப்) ஒன்றும் காவல் இருந்தன.

வெப்பத்துக்குக் காற்றோட்டம் கிடையாது. புராசசரின் உலோக மூடியிலிருந்து அலுமினியச் சட்டம்வரை வெப்பம் கடத்தும் பட்டை வையுங்கள். செல் 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், சில சுற்றிலேயே செல் போய்விடும். அதிர்வுக்கு நாசாவின் பொது அளவுகோல் தகுதிச் சோதனையில் 14.1 ஜி, உங்கள் ராக்கெட் கேட்கும் எண் வேறாக இருக்கலாம், முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். போன் போர்டில் உள்ள அழுத்திப் பொருத்தும் கனெக்டர்கள்தான் முதலில் கழலும். எபாக்சி வைத்து ஒட்டிவிடுங்கள், ஆனால் எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு.

அனுமதி வேலையை வன்பொருளுக்கு முன்பே தொடங்குங்கள். அமெச்சூர் அலைவரிசைக்கு ஐஏஆர்யூ (சர்வதேச அமெச்சூர் ரேடியோ சங்கம்) ஒருங்கிணைப்பும், இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசியின் உரிமமும், தனியார் விண்வெளி முயற்சிகளைக் கவனிக்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் தேவை. போன் மின்னணுவியல் மேலே தாங்குகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், தனிச் செயற்கைக்கோளே வேண்டாம். பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தைச் சோதனை மேடையாக மாற்றும் போயம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று சி60-ல் போன போயம்-4 மட்டும் 24 கருவிகளைச் சுமந்தது. மின்சாரமும் தகவல்தொடர்பும் மேடையே தரும். முதல் முயற்சிக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

சோலார் செல்லுக்குப் பணம் கட்டுமுன் இதைச் செய்யுங்கள். போன் போர்டு, மைக்ரோகன்ட்ரோலர், இரண்டு செல், ரேடியோ எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, சோலாருக்குப் பதில் ஒரு பவர் சப்ளையை 60 நிமிடம் கொடுத்து 35 நிமிடம் நிறுத்தும் டைமரோடு இணைத்து, 30 நாள் விட்டுவிடுங்கள். யாரும் டப்பாவைத் தொடக் கூடாது, கேபிள் சொருகக் கூடாது. எந்தத் தகவல் வந்தாலும் ரேடியோ வழியாக மட்டுமே வர வேண்டும். மூன்றாவது நாளோ பதினோராவது நாளோ போன் நின்றுபோகும். அதை டப்பாவைத் திறக்காமல், கட்டளை மட்டும் அனுப்பி மீட்க முடிந்ததா என்று குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த கேள்விகளைப் பார்க்கலாம்.